சுரங்கப் பாதையில் பெரட்டு

ஒரு மாநகரத்தின் மாண்பு அதன் கோபுரங்களில் இல்லை. தரைக்குக் கீழே, அதன் நிலத்தடி ரயில் நிலையத்தில் இருக்கிறது. லண்டனுக்கு அது உண்டு. மாஸ்கோவுக்கு உண்டு. நம் ஈப்போவுக்கும் உண்டு.

நவமணி தம் வரவேற்புரையை இப்படித்தான் தொடங்கியிருந்தார். அது 1979. ஈப்போ இன்னும் மாநகரம் ஆகியிருக்கவில்லை. அவர் சொன்ன நிலத்தடி நிலையம் ஒரு சுரங்கப் பாதை. ரயில் மேடையில் படியிறங்கினால், தண்டவாளங்களுக்கு அடியில் நடந்து, சரக்குக் கொட்டகைப் பக்கம் ஏறலாம். உள்ளே இரண்டு குழல்விளக்குகள். ஒன்று எரியாது. மற்றபடி அங்கே இருந்தது மூத்திர வாடை.

கோலாலம்பூரிலிருந்து டத்தோ பட்டம் பெற்ற ஒரு பெரிய மனிதர் வருவதாக ஏற்பாடு. டத்தோவுக்கு வேறு வேலை வந்துவிட்டதால் அவருடைய மைத்துனர் ரயிலில் வந்து இறங்கினார். டத்தோவின் உயரத்துக்குக் கட்டிய மாலை மைத்துனரின் முழங்காலைத் தாண்டித் தொங்கியது. இந்தியர் எழுச்சிப் பேரவையின் தலைவரான நவமணி அதையும் எழுச்சியின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார். டையைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, காகிதத்தை விரித்தார்.

அதே ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து அவருடைய அம்மா இறங்கினாள்.

வெள்ளைச் சேலை, வெறுங்கால், தலையில் மூட்டை. காம்பாருக்கு அப்பால் இருந்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றுவிட்டார்கள். லயத்து வீட்டை ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். செல்லாயிக்குப் போக்கிடம் வேறில்லை. மகனைத் தேடி வந்துவிட்டாள்.

"சன்னாசி!" என்று முகம் மலரக் கூப்பிட்டாள்.

அது நவமணிக்குத் தோட்டத்தில் வைத்த பெயர். ஈப்போவில் அது யாருக்கும் தெரியாது. அவர் பால்மரம் சீவியவளின் மகன் என்பதும் தெரியாது. தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் மகன் என்றும், தாயார் காலமாகிவிட்டார் என்றும் சொல்லி வைத்திருந்தார். போன வருஷம் பேரவை அந்தத் தாயாருக்காக எழுந்து நின்று மௌன அஞ்சலிகூடச் செலுத்தியிருந்தது.

"யாரு அண்ணே இந்தம்மா?" என்று செயலாளர் சீனி கேட்டார்.

"எஸ்டேட் ஆளு லா. எங்கம்மா உசிரோட இருந்தப்ப வீட்டு வேலைக்கு வந்தவங்க."

செல்லாயி மூட்டையை இறக்கவில்லை. மகனின் முகத்தையே பார்த்தாள்.

"இந்தப் படியில இறங்கி அந்தப் பக்கம் போயி நில்லுங்க. நான் பின்னாலே வாரேன்," என்றார் நவமணி, குரலைத் தாழ்த்தி.

"சரிங்கய்யா," என்றாள் அவள்.

பெற்ற மகனை அவள் ஐயா என்றது அதுதான் முதல் தடவை. படியிறங்கிப் போனாள். முதலில் கால் மறைந்தது, பிறகு இடுப்பு, கடைசியில் மூட்டை.

உரை நான்கு பக்கம். நவமணி ஒரு வரியும் விடவில்லை. மூன்றாம் பக்கத்தில் மலைப் பக்கமிருந்து மழை வந்தது. தகரக் கூரையின் சத்தத்தில் அவர் வாயசைவது மட்டும் தெரிந்தது. மைத்துனர் கைதட்டினார். நவமணி படியைப் பார்த்துக்கொண்டே வாசித்து முடித்தார்.

எல்லோரும் மேடையோரம் தேத்தண்ணிக்கு ஒதுங்கியபோது, வயிறு சரியில்லை என்று சீனியிடம் முணுமுணுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

சுரங்கப் பாதையில் யாருமில்லை.

நேரான பாதை. ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூட இல்லை. தரை காய்ந்திருந்தது. எரிந்த ஒற்றை விளக்கு மினுங்கியது. விறுவிறுவென நடந்து மறுபக்கம் ஏறினார். சரக்குக் கொட்டகையில் உர மூட்டைகளும், அவற்றின் மேல் தூங்கும் ஒரு பூனையும் இருந்தன.

கொட்டகையைத் தாண்டிப் பின்சந்துக்குள் நுழைந்தார். கோட்டு தோளோடு ஒட்டியது. சலவைக் கடையில் கேட்டார். காப்பிக் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் கேட்டார். பஸ் நிறுத்தத்தில் நின்ற மலாய்க்காரப் பெண்களிடம், வெள்ளைச் சேலை, மூட்டை என்று கையால் வரைந்து காட்டினார்.

"யார் அவர், உங்களுக்கு?" என்று மலாயில் ஒருத்தி கேட்டாள்.

அவர் ஆற்றுப் பக்கம் திரும்பினார்.

ஆற்றங்கரை வரை ஓடினார். ஆறு மண் நிறத்தில், கரையைத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு மூட்டை மிதந்து வந்ததைப் பார்த்ததும் கரைச் சரிவில் இறங்கினார். அருகில் வந்தபோது அது வாழைத்தார். அழுகையும் மழையும் சேர்ந்து மூக்கில் ஒழுக, வந்த வழியே திரும்பி ஓடினார்.

கொட்டகைப் பக்கச் சுரங்க வாசலுக்கு எதிரே நூஹுவின் ஒட்டுக்கடை. அவர் காலையிலிருந்து அந்த வாசலைப் பார்த்தபடிதான் ரொட்டி தட்டுகிறார்.

"நானா, இந்தப் படியில வயசான ஒரு அம்மா ஏறி வந்தாங்களா?"

"உங்களத் தவிர யாரும் ஏறல தலைவரே. யாரு அது?"

நவமணி முகத்து மழையை வழித்தார்.

"எங்கம்மா."

நூஹு கரண்டியை வைத்தார். "உங்கம்மாதான் மவுத்தாயிட்டாங்களே? அந்தக் கூட்டத்துக்கு வடையும் தேத்தண்ணியும் எங்கிட்டதானே சொன்னீங்க? நானும் துஆ செஞ்சேனே லா!"

"பொய் நானா. பொய் சொல்லிட்டேன்."

நூஹு சுரங்க வாசலைப் பார்த்தார். மழை படிகளில் அருவியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் குரல் தணிந்தது.

"இத வெட்டுறப்ப தோட்டத்துலேர்ந்துதான் ஆளு கொண்டு வந்தாங்களாம். இதே மாதிரி மழை. தண்ணி பூந்து அத்தன பேரும் உள்ளேயே போயிட்டாங்க, கங்காணியும் சேர்த்து. மழ பேஞ்சா அந்தாளு இன்னும் பெரட்டுக்குப் பேரு கூப்பிடுவான்னு எங்க வாப்பா சொல்லுவாரு. செத்தவங்க பேருதான். நீங்க என்னன்னா, உசிரோட இருக்கறவங்களச் செத்துட்டாங்கன்னு ஊரக் கூட்டி வடை கொடுத்திருக்கீங்க."

"மூடநம்பிக்கை," என்றார் நவமணி. பல் அடித்துக்கொண்டது.

"இருக்கட்டும். உள்ள உங்க பேரக் கூப்பிட்டா மட்டும் பதில் சொல்லிராதீங்க."

நவமணி மறுபடியும் படியிறங்கினார்.

நடுவில் போனபோது அந்த ஒற்றை விளக்கும் அணைந்தது.

மூத்திர வாடை போய்விட்டிருந்தது. அதற்குப் பதில் வேறொரு வாடை எழுந்தது. புளித்த ரப்பர் பால். பத்து வருஷமாகச் சோப்புப் போட்டு, சென்ட் அடித்து அவர் தம் உடம்பிலிருந்து போக்கிய வாடை. கணுக்கால் வரை தண்ணீர் ஏறியிருந்தது. அது சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

டங்.

யாரோ தண்டவாளத் துண்டை அடிக்கிறார்கள்.

டங். டங்.

தோட்டத்தில் விடியுமுன் அதைத்தான் அடிப்பார்கள். அந்த ஓசை கேட்டால் ஆணும் பெண்ணும் எழுந்தோடிப் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி பேர் கூப்பிடுவார். பதில் சொல்லாதவருக்கு அன்று வேலையில்லை. அம்மா உலை வைத்துவிட்டு வரத் தாமதமானால், சின்ன வயதில் சன்னாசிதான் முன்னே ஓடிப்போய் அவளுக்காகப் பதில் சொல்வான்.

"மாயாண்டி."

இருட்டுக்குள் வெகு அருகில் ஒரு குரல்.

"இருக்கேங்கய்யா."

"காளியம்மா."

"இருக்கேங்கய்யா."

சுவரோரம் இருபுறமும் ஆட்கள் நிற்கிறார்கள். பார்க்க முடியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஈரத்துணி சொட்டும் சத்தம் கேட்டது.

"செல்லாயி."

நவமணி மூச்சை அடக்கினார்.

"இருக்கேங்கய்யா."

அம்மாவின் குரல். அதே குழைவு, கடைசியில் அதே சின்ன இருமல்.

"ஐயா! அவங்க இல்லீங்கய்யா!" நவமணி தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடினார். கை துழாவிய இடமெல்லாம் ஈரச் சுவர். "அவங்க சாகலீங்க! நான்தான் சொன்னேன், நாந்தான் கொன்னேன்! அவங்க பேர எடுத்துருங்கய்யா! ம்மா! எங்க இருக்கம்மா?"



மேடைப் பக்கப் படியில் காலடிகள் நின்றன. சீனியின் குரல் கேட்டது: "தலைவரே? கீழ யாரு கத்துறது?"

அப்போது கங்காணி அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

"சன்னாசி."

மேலே மைத்துனர் இருக்கிறார், சீனி இருக்கிறார், பேரவை முழுவதும் இருக்கிறது. வாயைத் திறந்தால் நவமணி என்ற ஒரு மனிதன் அதோடு முடிந்தான்.

"சன்னாசி."

இன்னும் அருகில். பாக்கு வாடையோடு.

"எங்கம்மாவ விட்டுருங்க," என்றார். கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன. "நான் இருக்கேங்கய்யா!"

சுரங்கம் முழுவதும் அது எதிரொலித்தது. மேலே மேடை வரை போனது.

ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

சில்லிட்ட கை. கட்டைவிரலில் பழைய கத்திக்காயத் தழும்பு. அது அவரை இழுத்தது. அவர் வழுக்கினார், முழங்கால் இடித்தது, கை விடவில்லை. படி தட்டுப்பட்டது. வெளிச்சம் வந்தது.

செல்லாயி. மூட்டை இன்னும் தலையில் இருந்தது. முந்தானையைத் தானே வாய்க்குள் பந்தாகத் திணித்திருந்தாள். மேல்படியில் மைத்துனரும் சீனியும் மற்றவர்களும் நின்றார்கள்.

அவள் முந்தானையை வெளியே எடுத்தாள். மகனைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

"ஏன்டா பதில் சொன்ன?" என்று கிசுகிசுத்தாள்.

"நீ சொன்னியேம்மா. கேட்டேனே."

"நான் வாயே தொறக்கலடா. சாகாதவ எதுக்கு அங்க பதில் சொல்லணும்?"

நவமணி திரும்பிப் பார்த்தார். சுரங்கத்தில் விளக்கு எரிந்தது. தரை காய்ந்திருந்தது.

செல்லாயி அதன்பின் மகனோடு ஈப்போவின் புந்தோங் பகுதியில் இருந்த வீட்டிலேயே தங்கினாள். எஸ்டேட் அம்மா என்று யாரும் அவளைச் சொல்லவில்லை. பேரவையும் பெரிய மனது பண்ணி நவமணியையே மறுபடி தலைவராக்கியது. வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை.

மழை பெய்யும் பிற்பகல்களில் மட்டும் அவள் மகனை வெளியே விடுவதில்லை. கதவைச் சாத்தி, அவர் வாயைத் தன் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

1983இல் பேரவையின் ஆண்டுக் கூட்டத்தன்று அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அதனால் அவர் தனியாகப் போனார். மண்டபம் நிறைந்திருந்தது. அவர் எழுச்சி பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கூரையில் மழை விழுந்தது. அவர் பேச்சை நிறுத்தினார். காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாத ஒரு பேருக்கு, "இருக்கேங்கய்யா," என்றார்.

முன்வரிசையில் இருந்தவர்களுக்குப் புளித்த ரப்பர் பால் வாடை அடித்தது என்று சிலர் சொல்கிறார்கள். சீனி மேடையைத் துடைத்தவர். அவர் சொல்வது வேறு.

தலைவர் நின்ற இடம் நனைந்திருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அது மூத்திரம்.