கூப்பிடுபள்ளத்தில் இரண்டு குரல்

"பேய் ஒன்ன எப்படிக் கூப்புட்டுச்சு? அத மட்டும் சொல்லுண்ணே!"

ஒச்சம்மா இப்படிக் கேட்டதும் கருத்தக்கண்ணன் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டான். பின்னே? முந்தின நாள் மலையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவன், கூப்பிடுபள்ளத்திலிருந்து குரல் வந்ததும் மாடுகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தவனாயிற்றே! வந்ததிலிருந்து காய்ச்சல். மணிக்கட்டில் மந்திரித்த கயிறு வேறு.

அதற்கு இரண்டு நாள் முன்பு, ஒச்சம்மாவின் தம்பி சிவனாண்டி, வழிதப்பிய கிடாரியைத் தேடி மலையேறியவன், திரும்பவே இல்லை. ஊரே திரண்டு மலையைச் சல்லடை போட்டுத் தேடியது, அந்தப் பள்ளம் ஒன்றைத் தவிர. அங்கே மட்டும் எவரும் போக மாட்டார்கள். கண்ணன் பிறப்பதற்கு முன்பு, அவனுடைய அத்தை சிலம்பாயி விறகுக்குப் போய் மாயமானாள். மறுநாளே பள்ளத்துக்குள்ளிருந்து அவள் குரல் கூப்பிட்டது. செத்தவள் கூப்பிடுகிறாள், 'என்ன' என்று கேட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று எல்லோரும் ஓடினார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் மயில் கத்தினால்கூடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவது வழக்கமாகிவிட்டது. மூன்று தரம் கூப்பிட்டால்தான் மனுசக் குரல் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதல் குரலுக்கே ஓட்டம் பிடிக்கிறவன் மூன்றாவதை எங்கே கேட்பது? நல்ல ஊர் போங்கள்!

"கண்ணாண்ணேன்னு கூப்புட்டுச்சு," என்றான் கண்ணன், போர்வைக்குள்ளிருந்தே.

"செலம்பாயி ஒனக்கு அத்தை முறை. அத்தைக்காரி மருமகன அண்ணேன்னா கூப்புடுவா?"

கண்ணன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். போர்வை நழுவி விழுந்தது.

"அது என் தம்பிண்ணே!" ஒச்சம்மா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உசுரோட கெடக்கான்!"

அவளுக்கு மச்சான் முறையான மொக்கச்சாமி அதற்குள் கிணற்றுவடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். ஆனால் வாசலில் கண்ணனின் அப்பா பெரியகருப்பன் கையை விரித்து நின்றார்.

"போகாதீக. அந்தக் கொரல என் காதால கேட்டவன் நான். அவ எனக்குக் கூடப்பொறந்த அக்கா. எனக்குத் தெரியாதா? போனா வர மாட்டீக!"

"பெரியப்பு, தம்பிய அங்க விட்டுட்டு வீட்ல ஒக்காந்து என்னால கஞ்சி குடிக்க முடியாது. வழி விடுங்க."

அவர் விரித்த கைகளை இறக்கினார். பிறகு ஒதுங்கிக்கொண்டார். காய்ச்சலோடு கண்ணனும் எழுந்து அவர்கள் பின்னாலேயே நடந்தான்.

காலை வெயில் ஏற ஏற மலையும் ஏறிக்கொண்டே போனது. உன்னிப்புதர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தன. "பேய் வந்துச்சுன்னா மாப்ளைய முன்னாடி தள்ளிவிட்டுருவேன். ரெண்டு பேரும் ஏற்கெனவே பேசிப் பழக்கம்!" என்று மொக்கச்சாமி கண்ணனைக் கிண்டலடித்தான். பள்ளத்தின் விளிம்பு தெரிந்ததும் அவனும் வாயை மூடிக்கொண்டான். ஓரத்து ஆலமரத்தில், சிலம்பாயியின் ஆவிக்குக் காணிக்கையென்று யாரோ தூரத்திலிருந்து எறிந்துவிட்டுப் போன கண்ணாடி வளையல்கள் சிக்கிக் கிடந்தன. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

"அண்ணே..."

கீழேயிருந்துதான்! பாறையில் மோதி மோதி, ஆணா பெண்ணா என்று தெரியாமல் வந்தது அந்தக் குரல். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்..."

அவ்வளவுதான். காத்திருந்தார்கள். மூன்றாவது குரல் வரவில்லை.

"ரெண்டோட நின்னுருச்சு ஒச்சு," மொக்கச்சாமியின் முகம் வெளுத்துவிட்டது. "மனுசக் கொரலு இல்ல. வா, போயிருவோம்!"

ஒச்சம்மா பயந்தாள். உண்மையாகவே பயந்தாள். தனக்கு ஒன்று ஆகிவிட்டால் வீட்டில் அம்மாவுக்கு ஒரு பிள்ளைகூட மிஞ்சாது. கால் பின்னால் போகத்தான் பார்த்தது.

"தண்ணி இல்லாம கெடக்குறவனுக்கு மூணாவது கொரலு எங்கிட்டிருந்து மச்சான் வரும்?" என்று கத்தினாள். விளிம்பில் மண்டியிட்டு, எந்தக் காலத்திலும் யாரும் செய்யாததைச் செய்தாள். பதில் சொன்னாள்.

"சிவனாண்டி! அக்கா வந்துட்டேன்டா!"

கண்ணன் பழக்கதோசத்தில் காதைப் பொத்திக்கொண்டான். கீழேயிருந்து கல்லோடு கல் மோதும் சத்தம் வந்தது. டொக்... டொக்... டொக்!

"நான் எறங்குறேன்," என்றான் கண்ணன். "நேத்து ஓடுனவன் நான்தான?"

வடத்தை ஆலமரத்தில் கட்டினார்கள். பாறை முனை அறுக்காமலிருக்க மொக்கச்சாமி தன் துண்டை மடித்து அடியில் கொடுத்தான். கண்ணன் முதலில் இறங்கினான். அடுத்து இறங்கிய ஒச்சம்மாவின் காலுக்கடியில் ஒரு கல் பெயர்ந்து, வடம் சுழன்று, அவள் தோள் பாறையில் அடித்தது. "விட்டுறாதீக மச்சான்!" "செத்தாலும் விட மாட்டேன்!"

கீழே, சரளைச் சுவரில் சாய்ந்து கிடந்தான் சிவனாண்டி. உதடு வெடித்திருந்தது. கால் ஒடிந்து வீங்கியிருந்தது. கையில் ஒரு கல். ஒச்சம்மா இடுப்பில் கட்டிவந்த சுரைக்குடுக்கைத் தண்ணீரில் முந்தானையை நனைத்து அவன் வாயில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள். அவளுடைய கண்ணீரும் சேர்ந்து விழுந்தது.

"அக்கா... அங்கிட்டுப் பாரு," என்றான் அவன்.

பாறைக் குடைவுக்குள் எலும்புகள். பக்கத்தில் துருப்பிடித்த அரிவாள். அதற்கு மேலே சுவரில் வரிசையாகக் குழிகள், கால் வைத்து ஏறுவதற்காக ஒன்றின்மேல் ஒன்றாக வெட்டியவை. ஒரு ஆள் உயரம்வரை போய், பாதி வெட்டிய ஒரு குழியோடு நின்றுவிட்டன.

கண்ணன் அந்தக் குழிகளை விரலால் தடவிப் பார்த்தான்.

"செத்தவ படி வெட்டுவாளா ஒச்சு?"

அவன் தன் தோள்துண்டை விரித்து, ஒவ்வொரு எலும்பாக எடுத்து வைத்து முடிந்துகொண்டான். பிறகு சிவனாண்டியை முதுகில் சேர்த்துக் கட்டிக்கொண்டு, தன் அத்தை வெட்டிய குழிகளில் கால் வைத்துத்தான் மேலே ஏற ஆரம்பித்தான். குழிகள் தீர்ந்த இடத்திலிருந்து மொக்கச்சாமி பல்லைக் கடித்து இழுத்தான்.

ஊர் எல்லையில் குலவைச் சத்தம் காதைப் பிளந்தது! ஒச்சம்மாவின் அம்மா ஓடி வந்து சிவனாண்டியைக் கட்டிக்கொண்டாள். மொக்கச்சாமியைத் தூக்கி வைத்துச் சுற்றினார்கள். பெரியகருப்பன் மட்டும் மகன் கையிலிருந்த முடிச்சையே பார்த்தார்.

"என்னடா அது?"

"அத்தைப்பா. விழுந்தப்ப சாகல. அருவாள வச்சுப் படி வெட்டியிருக்கு. உசுரோடதான் கூப்புட்டுருக்கு."

குலவை நின்றுபோனது. இப்போதெல்லாம் அந்த மலையில் எந்தப் பக்கம் குரல் கேட்டாலும், முதல் குரலுக்கே 'ஓய்' என்று பதில் போகிறது. பேயாகவே இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டுப் பயப்படலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதெல்லாம் பிறகு வந்த புத்தி. அன்றைக்குப் பெரியகருப்பன் தெருவிலேயே குத்தவைத்து, முடிச்சை மடியில் வாங்கிக்கொண்டார்.

"தம்பி தம்பின்னுதான் கூப்புட்டா. மூணு தரம் என்ன, பொழுதனைக்கும் கூப்புட்டா. நான்தான் காதப் பொத்திக்கிட்டு ஓடியாந்தேன்."

முடிச்சின்மேல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"என்னக்கா... என்னக்கா... இந்தா இருக்கேன்க்கா..."

பொழுது சாயும்வரை அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை.