எந்தப் பையில் எந்த மண்?

"யாருய்யா நீ? என் நாத்த எல்லாம் எங்கய்யா தூக்கிட்டுப் போற?"

கொட்டுகிற மழையையும் மீறிக் கேட்டது அவள் குரல். குடையை மறந்துவிட்டு ஓடி வந்திருந்தாள். செருப்பில் ஒன்றைச் சேறு பிடுங்கிக்கொண்டது. மூக்கு நுனி சிவந்திருந்தது... கோபம் வந்தால் அவளுக்கு முதலில் சிவப்பது அதுதான். பண்ணையில் வேலை செய்யும் பெண்கள் அவளுக்கு 'மிளகா' என்று பேர் வைத்தது சும்மா இல்லை.

எதிரே நின்றவன் தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். மார்போடு ஒரு நாற்றுப் பையை அணைத்திருந்தான், தூங்குகிற குழந்தையைத் தூக்கி வருகிறவன் போல. இமையில் மழைத்துளி... அதற்குக் கீழே சிரிக்கிற கண்கள்.

'சிரிக்கிறானா? என்ன திமிர்!'

"திருடன் இல்லங்க," என்றான் அவசரமாக. "பஜார்ல காப்பிக்கொட்ட வறுத்து அரைக்கற கடை இருக்குல்ல, அது நம்மளது. வண்டி உங்க கேட்டுகிட்ட நின்னுடுச்சு. ஒதுங்கலாம்னு பாத்தா, நிழல்வலை கிழிஞ்சு தண்ணி மொத்தமும் இதுங்க தலையில ஊத்துது... மனசு கேக்கல. கேட் ஏறிக் குதிச்சிட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். வலைக்கடியில் இருந்த பலகைகள் காலி. எல்லாப் பைகளும் தகரக் கூரைக்கு அடியில் வந்திருந்தன.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்!" அவன் முகத்தில் பெருமை வழிந்தது. "சும்மா வெக்கலங்க. ஸ்கூல்ல போட்டோ எடுக்க நிறுத்துவாங்கல்ல? அந்த மாதிரி குட்டையெல்லாம் முன்னாடி, உசரமெல்லாம் பின்னாடி... எப்டி?"

காலிப் பலகைகளையும் கூரைக்கடியில் நின்ற பைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயைத் திறந்தபோது அழுகையும் சேர்ந்து வந்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"கெடுத்தீங்க... மொத்தத்தையும் கெடுத்துட்டீங்க! உங்கள யாரு கூப்ட்டா? போங்க வெளிய!"

"ஏங்க, நான் காப்பாத்தி..."

"போங்கன்னு சொன்னேன்!"

அவன் கண்ணிலிருந்த சிரிப்பு அணைந்தது. கையிலிருந்த கடைசிப் பையை மெதுவாகத் தரையில் வைத்தான். நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு மழைக்குள் போனான். அவள் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள். ஏன் சொல்ல வேண்டும்?

விஷயம் இதுதான். காப்பி நாற்று வளர்ப்பதில் அவளுக்கும் அப்பாவுக்கும் ஒரு வருடமாகச் சண்டை. அவருக்குச் செம்மண்ணும் சாணி எருவும்தான் உலகம். போன வருடம் அந்த மண்ணோடு வந்த பூச்சி வேரைத் தின்று, பாதி நாற்று செத்தது. தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்து வளர்க்கலாம் என்று அவள் சொன்னாள். "குப்பையில வளக்கச் சொல்றியா?" என்று அவர் குதித்தார். கடைசியில் ஒரு போட்டி என்று முடிவாயிற்று. பாதிப் பைகளில் அவர் மண், பாதியில் இவள் கலவை. எல்லாம் ஒரே மாதிரி கறுப்புப் பை. வெளியிலிருந்து அடையாளம் தெரியாதபடி, மேலே நாலு விரல் உயரத்துக்கு ஒரே மணல். எந்த இடத்தில் எது என்பது இவள் தலைக்குள் மட்டும் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து நல்ல நாற்றுகளாகப் பொறுக்குவார். எது அதிகம் தேறுகிறதோ, அடுத்த பருவம் பண்ணை முழுக்க அதுதான். அவள் ஜெயித்தால் பண்ணை அவள் கையில். தோற்றால் பேசாமல் பில் போடும் மேஜையில் உட்கார வேண்டியதுதான்.

இப்போது எந்தப் பையில் எந்த மண்?

சாயங்காலம் வந்து பார்த்த அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

"கலைஞ்சு போச்சா? அப்ப போட்டி செல்லாது. பழையபடி மண்ணே போட்டுக்கலாம்."

"அப்பா! இத்தன மாச உழைப்புப்பா!"

"அதுக்கு? நீ கைகாட்டி இது என்னுது, அது உன்னுதுன்னா நான் நம்பணுமா? முன்னாடியே எனக்குச் சந்தேகந்தான். எது எங்கன்னு உனக்கு மட்டும் தெரியும். நான் பொறுக்கும்போது கண்ணாலயே ஜாடை காட்டிட மாட்டியா?"

பெற்ற அப்பனே திருட்டுப் பட்டம் கட்டினால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? அன்று அவள் வீட்டில் வைத்த ஒவ்வொரு பாத்திரமும் 'டங்' என்றே உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் அவன் வந்து நின்றான். காய்ந்த சட்டை, வாரிய தலை. கையில் ஒரு பொட்டலம். கிட்டே வருவதற்கு முன்பே புதிதாக வறுத்த காப்பியின் மணம் வந்தது. ஐயோ, அந்த மணம் அவளுக்குப் பிடித்துத் தொலைத்தது.

"நேத்து என்ன தப்பு பண்ணேன்னு எனக்கு இன்னும் புரியல. ஆனா நீங்க அழுதீங்க. அதான்... மன்னிப்பு கேக்கலாம்னு."

"நான் ஒண்ணும் அழல!"

"சரி, மழதான். பொட்டலத்த வாங்கிக்கங்க."

"வேணாம். எடுத்துட்டுப் போங்க." கோபத்திலேயே விஷயம் முழுவதையும் அவன் முகத்தில் கொட்டினாள். போட்டி, அப்பா, ஜாடை... ஒன்றையும் விடவில்லை. அவன் நாற்றுகளையே பார்த்தபடி கேட்டான். முடித்ததும் தலையைச் சொறிந்தான்.

"இதுக்கா இவ்ளோ? பையக் கிழிச்சா உள்ள என்ன மண்ணுன்னு தெரிஞ்சிடப் போவுது."

"என்னது?"

"உங்கப்பா முதல்ல பொறுக்கட்டும். அப்புறம் கிழிங்க. இப்ப உங்களுக்கே எது எதுன்னு தெரியாது, ஜாடை எங்கேர்ந்து காட்டுவீங்க? நாங்க கொட்ட உள்ள வரைக்கும் வறுபட்டுச்சான்னு பாக்க உடைச்சுதான் பாப்போம்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையைக் கிழிப்பதா? நாற்றுக்காரர் வீட்டில் அந்த எண்ணமே யாருக்கும் வராது. குழியில் நடும்வரை பையின் ஓரம்கூட நசுங்கக்கூடாது என்று பொத்திப் பொத்தி வளர்ப்பவர்கள். அதிலும் இருப்பதிலேயே அழகான நாற்றுகளைக் கிழிக்க வேண்டும். வேர் அறுந்தால் போச்சு. அவன் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"உடைக்கறாராம்! பொசுக்கற பொழப்புக்காரருக்கு வளக்கற கஷ்டம் எங்க தெரியப் போவுது?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

அவன் முகம் இறுகியது. "தெரியாதுதாங்க," என்றான். "நீங்க வளக்கறத நாங்க பொசுக்கலன்னா இத யாரும் குடிக்க முடியாது. அதுவும் உங்களுக்குத் தெரியல பாருங்க. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்."

போய்விட்டான்... பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு! 'கூப்பிடு, கூப்பிடுடி' என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால்தானே? அப்படி ஒரு வீம்பு.

ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"பொறுக்குங்க. நான் திரும்பி சுவத்தப் பாத்துட்டு நிக்கறேன். நீங்க எடுத்து வெச்சதும் நானே கிழிக்கறேன்."

"கிழிக்கறியா? பைத்தியமா உனக்கு?"

"ஆமா, பைத்தியந்தான். பொறுக்குங்கப்பா!"

வெகுநேரம் ஆயிற்று. அப்பா குனிவதும் நிமிர்வதும் பெருமூச்சு விடுவதும் முதுகுக்குப் பின்னால் கேட்டன. "ம்" என்று அவர் கூப்பிட்டபோது ஏழெட்டுப் பைகள் தனியாக நின்றன. பளபளவென்று இலை, நேரான தண்டு. அவளே பொறுக்கியிருந்தாலும் இவற்றைத்தான் பொறுக்கியிருப்பாள்.

பிளேடை எடுத்தாள். முதல் பை கிழிந்தது... செம்மண். அப்பா மீசையைத் தடவினார். இரண்டாவது பையில் பழுப்பு நார்த்தூள், அதைச் சுற்றி வெள்ளை வெளேரென்று வேர். மூன்றாவதும் நார்த்தூள். நான்காவதும். பிறகு அவள் எண்ணவில்லை. கண்ணை மறைத்தது எது என்று கேட்டால் கொன்றுவிடுவாள். கடைசிப் பைக்கு அப்பாவே பிளேடை வாங்கிக்கொண்டார். அதுவும் நார்த்தூள்தான்.

அவர் அந்த வேர்களை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார். "இந்த நாரு தூளு... நல்லதா எங்க கிடைக்கும்?"

ஜெயித்துவிட்டாள்! அப்பாவைக் கட்டிக்கொண்டு குதித்திருக்க வேண்டும். அவள் கால்களோ கேட்டைத் தாண்டிப் பஜார் பக்கம் நடந்தன. நடந்தனவா... ஓடின.

கடையில் கொட்டை வறுக்கும் இரும்பு உருளை கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அவன். நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு உருளையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தூளா, கொட்டையா?"

"ஜெயிச்சிட்டேன்."

"சந்தோஷம். தூளா, கொட்டையா?"

"கிழிச்சுதான் பாத்தோம். நீங்க சொன்ன மாதிரியே."

"பொசுக்கறவன் சொன்னதயெல்லாம் ஏங்க கேக்கறீங்க?"

"ஐயோ, தப்பாப் பேசிட்டேன்! போதுமா? அன்னிக்கு நீங்க இல்லன்னா நாத்து மொத்தமும் மழையில போயிருக்கும். ஒரு நன்றி சொல்லல. விரட்டி விட்டேன். அப்புறம் அந்தப் பேச்சு வேற பேசினேன். நாக்க அறுத்துக்கலாம்னு இருந்துச்சு... ஆனா வந்து சொல்ல முடியல. எனக்கு வாய் நீளம், மன்னிப்பு கேக்க மட்டும் வராது!"

அவன் திரும்பினான். அவளுடைய மூக்கு நுனி சிவந்திருந்தது.

"மன்னிப்புக் கேக்க வந்தவங்க இப்டியா கத்துவாங்க?"

"கத்துவேன்! ஏன் தெரியுமா? பை கிழிஞ்சு வேரப் பாத்ததும் பக்கத்துல நிக்கற அப்பாகிட்ட சொல்லத் தோணல. ஓடிப் போயி உங்ககிட்ட சொல்லணும்னு தோணுது. நீங்க யாரு எனக்கு? ஒரு மழையில பாத்தேன், ரெண்டு தடவ சண்ட போட்டேன். அவ்ளோதான். அதுக்குள்ள உங்க கடப் பக்கத்துலேர்ந்து காத்து அடிச்சா நெஞ்சு படபடங்குது. எனக்கு எவ்ளோ கோவம் வருது தெரியுமா? எனக்கு... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு!"

அவன் வாய் பிளந்து நின்றான். அந்தக் கண்கள்... இப்போது சிரிக்கவில்லை. சிரிப்பைவிட மோசமாக என்னவோ செய்தன.

லேசாகப் புகை வாடை வந்தது. அவள்தான் முதலில் கவனித்தாள்.

"உள்ள... உள்ள கொட்ட கருகுதுங்க!"

"கருகட்டும்," என்றான் அவன். உருளைப் பக்கம் திரும்பவே இல்லை. "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னியே... அத மட்டும் திரும்பச் சொல்லு. இந்தத் தடவ கோவப்படாம."

அவள் சொன்னாள். இந்த முறை குரல் எழும்பவே இல்லை.