கடைசிக் கையில் எட்டாம் கொட்டை

கருப்பாயி படியேறி வந்தபோது, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வேலு பதின்மூன்றாம் கணக்கில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். இடம் மலாயாவின் குளுவாங் ரயில் நிலையத்துக் குவார்ட்டர்ஸ், வருஷம் 1934. எதிரே ஸ்டேஷன் கிளார்க் தங்கரத்தினம் நிதானமாகப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அந்த யாழ்ப்பாணத்து மனிதர் தபால் வழியே இன்சூரன்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறார். ஞாயிறுதோறும் வேலுவும் கூட உட்கார்ந்து ஐந்து வாய்ப்புக் கணக்குகள் போடுவார். காயத்துக்கு மருந்து கட்டுகிறவருக்கு இந்த வேண்டாத வேலை எதற்கு என்று கேட்டுவிட்டால் போதும், வேலுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"டிரஸ்ஸர் ஐயாதான் வரச் சொன்னாரு," என்றாள் கருப்பாயி. "இந்த மாசமும் மலை நிரை வந்தா என்னை லயத்து வீட்டை விட்டே வெளியேத்திடுவாங்க. ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போவேன்?" முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு ரப்பர் கொட்டையை மேஜைமேல் வைத்தாள். அதில் 8 என்று கீறியிருந்தது.

விஷயம் இதுதான். அவள் கூட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் எட்டுப் பேர், மரநிரைகளும் எட்டு. மாதம் ஒருமுறை, எண் கீறிய எட்டுக் கொட்டைகளைப் பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள்; அடுத்த குலுக்கலுக்குச் சில மணி முன்னால் அதைக் கங்காணியிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எட்டாம் எண் மலை நிரை. கிழட்டு மரங்கள், பாதிப் பால்கூட வராது. அது தொடர்ந்து ஐந்து மாதம் கருப்பாயிக்கே விழுந்திருக்கிறது. பால் குறைகிறது, இன்னொரு மாதம் குறைந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று தோட்டத்துக் கணக்கரான பெரிய கிராணி சபாபதி எச்சரித்துவிட்டார்.

"யாரும் ஏமாத்தலைங்க. கங்காணி செல்லப்பன் எல்லார் முன்னாடியும் கலகலன்னு குலுக்கித்தான் வைப்பாரு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு கைய விடுவோம். நான் தாலியறுத்தவ, முன்னாடி எடுத்தா மத்தவங்களுக்கு ஆகாதுன்னு என்னை எப்பவும் கடைசியில நிக்க வச்சிருவாங்க."

"அதான் சங்கதி!" வேலு துள்ளினார். "கடைசியா எடுத்தா கழிசடைதானே மிஞ்சும்?"

"பதின்மூண்டாம் கணக்கை வாசியுங்கோ," என்றார் தங்கரத்தினம்.

பையில் எட்டுக் கோலிகள், ஒன்று கறுப்பு. எட்டுப் பேர் ஒவ்வொன்றாக எடுத்தால் கடைசி ஆளுக்குக் கறுப்பு வரும் வாய்ப்பு என்ன? வேலு வாய்விட்டுப் போட்டார். முதல் ஆள் கறுப்பைத் தவறவிட எட்டில் ஏழு. அடுத்தவர் ஏழில் ஆறு. அப்புறம் ஆறில் ஐந்து. மேலும் கீழும் அடித்துக்கொண்டே போனார். மிஞ்சியது எட்டில் ஒன்று.

"அட, முதல் ஆளுக்கும் அதேதானே!"

"ஓம். வரிசையிலை குற்றமில்லை. அப்ப அஞ்சு மாசமும் ஒராளுக்கே?"

எட்டை எட்டால் பெருக்கி, பெருக்கி, வேலு நிமிர்ந்தார். "முப்பத்திரண்டாயிரத்து எழுநூத்தி அறுபத்தெட்டுல ஒண்ணு! கங்காணி திருட்டுப்பயல்தான்!"

"அவசரப்படாதேங்கோ. அருமையா நடக்கிறதெண்டால் நடக்காதெண்டு அர்த்தமில்லை. எங்கை தேடவேணும் எண்டுதான் கணக்குச் சொல்லும்." தங்கரத்தினம் கொட்டையைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் பழுப்பாக ரப்பர் பிசிறு ஒட்டியிருந்தது. "கருப்பாயி, எடுக்கேக்கை சுகமா வந்ததோ?"

"நகத்தால கிள்ளித்தான் எடுத்தேன். எப்பவும் அடியிலேயே கிடக்கும்."

"பால் வெட்டுற கை, பிசிறு எதுலதான் ஒட்டாது?" என்றார் வேலு.

தங்கரத்தினமோ, அடுத்த குலுக்கல் இன்று சாயங்காலமே என்று தெரிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தோட்டத்தில் எட்டுப் பேரும் வரிசையில் நின்றார்கள், கொட்டையை முன்னதாகவே கொடுத்துவிட்ட கருப்பாயி கடைசியில். கிராணி நாற்காலியில் அமர்ந்திருக்க, செல்லப்பன் டின்னைக் குலுக்கினான். கொட்டைகள் கலகலத்தன.

"ஒரு நிமிசம், கிராணியார்," என்றார் தங்கரத்தினம். "அஞ்சு மாசத்திலை மற்ற ஏழு பேரும் முப்பத்தஞ்சு தரம் கை விட்டிருக்கினம். ஒருத்தருக்கும் எட்டு வரேல்லை. ஏழு பேர் சேர்ந்து இவ்வளவு காலம் ஒரு இரகசியத்தைக் காப்பாத்த ஏலாது. கையிலை பிழையில்லையெண்டால், கைக்கு வராத கொட்டை ஒண்டு உள்ளுக்குள்ளை இருக்கவேணும்."

தோளில் கிடந்த துண்டை விரித்து டின்னைக் கவிழ்த்தார். ஏழு விழுந்தன. தட்டினார், உலுக்கினார். எட்டாவது விழவேயில்லை. வேலுவுக்குப் பொறுக்கவில்லை, கையை விட்டுப் பிய்த்தெடுத்தார். ஒரு சொட்டு ரப்பர் பால் காய்ந்து, எட்டாம் கொட்டையை டின்னின் அடியோடு ஒட்டி வைத்திருந்தது. தடவுகிற கை உருள்கிற கொட்டையைத்தான் எடுக்கும். ஒட்டியது கடைசி ஆளுக்குக் காத்திருக்கும். அந்தக் கடைசி ஆள் யார் என்பதை ஊர் வழக்கமே முடிவு செய்து வைத்திருந்தது.

செல்லப்பன் முகம் வெளுத்துவிட்டது. "இவளைத் தொரத்திட்டு மச்சானுக்கு இந்த வேலைய வாங்கிக் கொடுக்கலாம்னுதான்..." என்று முனகினான்.

"அதை நாளைக்கு துரைகிட்ட சொல்லு," என்றார் சபாபதி. கருப்பாயி பேரில் எழுதிய குறைகளையெல்லாம் அங்கேயே பேரேட்டில் அடித்துவிட்டார். தன் தொப்பியைக் கழற்றி எட்டுக் கொட்டைகளையும் போட்டார்.

"முதல் கை கருப்பாயி போடட்டும்," என்றார் தங்கரத்தினம்.

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. கிராணி திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கருப்பாயி முன்னால் வந்து எடுத்தாள். ஐந்து. ஆற்றோர நிரை, நல்ல பால் மரங்கள். அவள் அழுதேவிட்டாள். எட்டு அன்றைக்குக் கூட்டத்தில் ஒருவனான அர்ச்சுனனுக்கு விழுந்தது. "அலமாக்!" என்று மலாயில் அலுத்துத் தலையில் அடித்துக்கொண்டானே தவிர, யாரையும் குறை சொல்லவில்லை.

திரும்பி நடக்கும்போது வேலுவால் வாயை மூடிக்கொண்டு வர முடியவில்லை. "முதல்ல எடுத்தாலும் கடைசியில எடுத்தாலும் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு அந்தம்மாவ முதல்ல கூப்பிட்டீங்க?"

"கணக்குக்கு ரெண்டும் ஒண்டுதான், வேலு," என்றார் தங்கரத்தினம். "அந்த மனுசிக்கு ஒண்டில்லையே."