பிராங்க்பர்ட்டில் ஒண்ணேகால் மணி நேரம்

மூன்றாவது நாற்காலியில் சூடு இருந்தது.

அதைத் தூக்கிச் சாப்பாட்டு மேசையருகே போடலாம் என்று துளசிராமன் இருக்கையில் கை வைத்தபோதுதான் தெரிந்தது. மற்ற இரண்டும் மின்விசிறிக் காற்றில் ஆறிக் கிடந்தன. இது மட்டும் யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்து அப்போதுதான் எழுந்துபோனதுபோல் உடம்புச் சூட்டோடு இருந்தது. ஜன்னல் வெயில் அந்தப் பக்கம் வருவதில்லை. கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான். நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டான்.

நாற்காலிகள் வரிசையாக நின்றதற்குக் காரணம் அவன் மனைவி அருணா. அவளுடைய அண்ணன் பச்சையப்பன் டொரன்டோவில் இருந்தான். மே மாத லீவுக்குக் குடும்பத்தோடு வரச்சொல்லி இரண்டு வருஷமாக நச்சரித்தான். இவர்களில் யாரும் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. சென்னையிலிருந்து பிராங்க்பர்ட், அங்கே இறங்கி வேறு விமானம். நடுவில் இருந்தது ஒண்ணேகால் மணி நேரம்தான்.

"எறங்கறதுக்கே அரை மணி போயிடும் மாப்ள. அப்புறம் செக்கிங். அப்புறம் கேட்டு எங்கியோ கீது. ஓடணும். வுட்டா நடுவுல குந்திகினு இருக்க வேண்டியதுதான்" என்று பச்சையப்பன் போனில் பயமுறுத்தினான். கனடா போய்ப் பத்து வருஷமாகியும் கும்மிடிப்பூண்டி அவன் நாக்கை விட்டுப் போகவில்லை.

அருணா அதை ஒரு பந்தயமாகவே எடுத்துக்கொண்டாள். கூடத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் முதல் விமானம். சமையலறையையும் குளியலறையையும் தாண்டிப் படுக்கையறைக்குப் போகும் குறுகலான நடைவழி, ஏர்போர்ட். படுக்கையறைக் கதவுதான் கேட். கட்டில், டொரன்டோ விமானம். சாயங்காலம் துளசிராமன் சிப்காட் தொழிற்சாலையில் இஞ்சினியர் வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் ஒத்திகை ஆரம்பமாகும். ஆறு வயது சிரிஷா ஷூ மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஓடுவாள். அவன் பின்னால் ஓடுவான். அருணாதான் எப்போதும் கடைசி. கேஸை மூடினோமா என்று பார்ப்பாள், குழாயைப் பார்ப்பாள், ஒரு சக்கரம் தேய்ந்துபோன பழைய டிராலிப் பையை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க வருவாள். மொசைக் தரையில் அது கடக், கடக் என்று ஒலிக்கும்.

"நீங்க போங்க. நான் பின்னாடியே வரேன்."

மார்ச்சில் காய்ச்சல் வந்து, சென்னைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸில் ஏற்றியபோதும் அவள் அதையேதான் சொன்னாள். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருவதற்காக அவன் பைக்கைத் திருப்பினான். அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய புடவைகளை அந்த டிராலிப் பையிலேயே அடுக்கி யாருக்கோ கொடுத்தனுப்பினான். அழவில்லை. ஏன் அழவில்லை என்றும் அவன் யோசிக்கவில்லை. ஷிப்டுக்குப் போனான், வந்தான், குழந்தைக்குத் தலை வாரினான். "டிக்கெட்ட மட்டும் கேன்சல் பண்ணாத மாப்ள, கொழந்தைக்கு ஒரு மாறுதலா இருக்கும்" என்று பச்சையப்பன் போனில் அழுதான். துளசிராமன் சரி என்றான். எதற்கும் சரி என்று சொல்வது சுலபமாக இருந்தது.

கீழ்ப் போர்ஷனில் வீட்டுக்கார அம்மா ஞானம்மா இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் சிரிஷா அவளிடம்தான் இருப்பாள். நாற்காலி சூடாக இருந்ததற்கு மறுநாள் அவன் வேலையிலிருந்து வந்தபோது, ஞானம்மா படியடியில் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி, மத்தியானத்துலர்ந்து மேல எத்தியோ உருட்டினே கீற? தலமேல அம்மி ஓட்ற மாரி கீது."

"நான் இப்பதான வரேன். சிரிஷா உங்ககிட்டதான இருந்தா?"

"இதோ, என் மடியில படுத்துனு டிவி பாத்துனு இருந்தா. அப்போ மேல யாரு? எலியா? சக்கரம் வெச்ச எலியா?" என்று சொல்லிச் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. கீரையைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அன்னிக்கு அருணாவ எடுத்துனு போகசொல்லோ உன் பொண்ணு மாடிலர்ந்து குரல் குட்தா. 'அம்மா சீக்கிரம் வா, கேட்டு மூடிடுவாங்க'ன்னு. நான் ஓடிப்போயி வாயப் பொத்திட்டேன். போற உசுர வான்னு கூப்புடலாமா? சாவு ஊட்லர்ந்து கெளம்பசொல்லோ யாருனா போய்ட்டு வரேன்னு சொல்றாங்களா? சும்மாவா சொல்லாம போறாங்க?"

"சின்னப் பொண்ணும்மா. தெரியாம சொல்லியிருப்பா."

"அவளுக்குத் தெரியாது. கூப்ட்டதக் கேட்ட அருணாவுக்குத் தெரியுமா, கொழந்த தெரியாம கூப்ட்டதுன்னு?"

அவன் மாடி ஏறினான். கூடத்தில் பூட்டிய வீட்டின் புழுக்கம். அதற்கு அடியில் வேறொரு வாசனை, ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் தோளில் தேய்க்கும் ஸ்பிரிட்டின் வாசனை, மெலிதாக.

இரவு சாப்பிடும்போது சிரிஷா சொன்னாள். "அம்மாவோட பிளைட்டு லேட்டு நைனா. இப்பதான் எறங்கினாங்க."

அவன் சோற்றைப் பிசைந்தான்.

அடுத்த நாள், "செக்கிங்ல நிக்கிறாங்க. பெரிய க்யூ."

அன்றைக்குப் படுத்தபிறகு அவன் காதிலும் விழுந்தது. சிப்காட்டின் இரைச்சல் அடங்காமல் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ரயில்வே லைனில் கூட்ஸ் வண்டியொன்று நீளமாகப் போய் முடிந்தது. அந்தச் சத்தங்களுக்கெல்லாம் பழகிப்போன காது, அவை ஓய்ந்த இடைவெளியில் மாடிப்படியில் எதையோ பிடித்துக்கொண்டது. கனமான ஒன்றை ஒரு படி தூக்கி வைக்கும் சத்தம். பிறகு மூச்சு வாங்கும் நேரம். மறுபடி ஒரு படி. எழுந்துபோய்ப் படுக்கையறைக் கதவைத் தாழிட்டான். பக்கத்தில் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் படியில் ஒன்றுமில்லை. ஆனால் கூடத்து மொசைக்கில், வாசலிலிருந்து நாற்காலிகள் வரை, ஒற்றைச் சக்கரம் அழுந்திய கோடு போய்க்கொண்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்தான். துடைத்த இடம் காய்ந்ததும் கோடு திரும்பத் தெரிந்தது.

கிளம்பும் நாள் வந்தது. இரவு பத்து மணிக்கு மீனம்பாக்கத்துக்குக் கார். பெட்டிகளைச் சாயங்காலமே ஞானம்மா வீட்டில் இறக்கி வைத்திருந்தான். ஒரேயொரு காரியம்தான் அவனுக்கு மிச்சம். குழந்தையை இந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோய்விட வேண்டும். பிராங்க்பர்ட்டைப் பற்றியோ டொரன்டோவைப் பற்றியோ அவனுக்கு எந்த எண்ணமும் இல்லை. கடலைத் தாண்டிப் போய்விட்டால் போதும். அந்த இரண்டு மாதத்தில் அவன் மனதார விரும்பிய ஒரே விஷயம் அதுதான்.

சிரிஷா எழுந்திருக்க மறுத்தாள். ஷூ போட்டு, பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கூடத்து நாற்காலியில் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா வராம நான் வரமாட்டேன்."

"அம்மா வரமாட்டாங்க சிரிஷா."

"வராங்க. நீதான் டெய்லி கதவ மூடிட்ற. அதான் அவங்களால ஏற முடில. வெளிய நின்னுனே இருக்காங்க."

தூக்கிப் பார்த்தான். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, கீழே ஞானம்மாவுக்குக் கேட்கும்படி வீறிட்டாள். கடித்தாள். அவன் கீழே இறக்கிவிட்டு, பல் பட்ட இடத்தைத் தடவியபடி நின்றான். பிறகு அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. இஞ்சினியர் மூளைக்கு அது சரியாகவே பட்டது. ஒரே ஒரு தடவை கதவு மூடி, அம்மா ஏறவில்லை என்று இவள் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். அதோடு முடிந்தது.

"சரி. கடைசியா ஒரு ஒத்திகை. நிஜமா போற மாதிரியே. கேட்டு மூடினா மூடினதுதான். அப்புறம் யார் தட்டினாலும் தொறக்கமாட்டாங்க."

"யாரு தட்டினாலுமா?"

"யாரு தட்டினாலும்."

குழந்தை யோசித்தாள். "அம்மா முன்னாடியே வந்துட்டா?"

"அப்ப அம்மாவும் நம்மகூட வரட்டும்."

சொல்லிவிட்டுத்தான் கேட்டான், தான் சொன்னதை.

கரண்ட் போனது. மின்விசிறி மூன்று சுற்று சுற்றி நின்றது. தெருவும் இருட்டு. ஜன்னலுக்கு வெளியே சிப்காட் பக்கத்து வானம் மட்டும் சிவப்பாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் மூன்று நாற்காலிகளின் முதுகுகளும் தெரிந்தன. அவன் நடு நாற்காலியில் உட்கார்ந்தான். வலப்பக்கம் சிரிஷா. இடப்பக்கம் அவன் திரும்பவில்லை. ஸ்பிரிட் வாசனை அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. பிளாஸ்டிக், பாரம் ஏறும்போது முனகுவதுபோல், மெதுவாக முனகியது.

"எறங்கிட்டோம்" என்றாள் சிரிஷா. "ஓடு நைனா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். நடைவழியில் சிவப்பு வெளிச்சம்கூட இல்லை. சுவர் தோளில் உரசியது. சமையலறை வாசலின் காற்றுப் பட்டது. பின்னால் சத்தம் கிளம்பியது.

கடக். கடக். கடக்.

டிராலிப் பை இந்த வீட்டில் இல்லை. பெட்டிகள் கீழே இருக்கின்றன. இந்த இரண்டையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினான். சத்தம் நெருங்கியது. குதிகாலில் காற்றுப் பட்டது. குளியலறைப் பக்கம் சிரிஷா தடுமாறினாள். ஒரு கணம் கை நழுவியது. அவன் இருட்டில் துழாவினான். சிறிய விரல்கள் உடனே வந்து அவன் கையைப் பற்றிக்கொண்டன. இழுத்துக்கொண்டு அறைக்குள் பாய்ந்தான். கதவை அறைந்தான். மேல்தாழைப் போட்டான்.

சக்கரம் நின்றுவிட்டது.

நெற்றியைக் கதவில் வைத்து மூச்சு வாங்கினான். வென்றுவிட்டான். வெளியே எதுவும் அசையவில்லை. கைக்குள் இருந்த கையை லேசாக அழுத்தினான்.

"பாத்தியா? மூடியாச்சு. அவ்ளோதான். இனிமே நாம கீழ போலாம்."

இருட்டில் அவள் பக்கம் குனிந்தான்.

"சிரிஷா?"

கதவில் தட்டும் சத்தம் கேட்டது. தாழ்வாக. அவன் இடுப்புக்கும் கீழே.

"நைனா." அழுகையை அடக்கிக்கொண்ட குரல். "நான் வுழுந்துட்டேன் நைனா. முட்டில ரத்தம் வருது. கதவத் தொற."

அவன் அசையவில்லை. கைக்குள் இருந்த கையும் அசையவில்லை.

"நைனா, நான் இன்னும் ஏறல. அம்மா மட்டும் உள்ள வந்துட்டாங்க."

தாழை நோக்கிக் கையைத் தூக்கப் பார்த்தான். தூக்க முடியவில்லை. அந்தக் கையைத்தான் அது பற்றியிருந்தது. சிறிய விரல்கள் இப்போது சிறியவை அல்ல. அவை ஒவ்வொன்றாக நீண்டு அவன் மணிக்கட்டைச் சுற்றி வந்து பூட்டிக்கொண்டன. மற்றக் கையால் எட்டினான். விரல்நுனிக்கும் தாழுக்கும் நடுவில் மயிரிழை. அதற்கு மேல் அது விடவில்லை. அவன் காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள், தூரத்திலிருந்து ஓடி வந்தவர்கள் வாங்குவதுபோல்.

"சிரிஷா!" என்று கத்தினான். "அங்கியே இரு! நைனா தொறக்கறேன், அங்கியே இரு!"

கதவுக்கு வெளியே மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அவளுடைய குரல், சொன்ன பேச்சைக் கேட்கும் குழந்தையின் குரலாக வந்தது.

"பரவால்ல நைனா. மூடினா மூடினதுதான். நான் அடுத்த பிளைட்டுக்குப் போறேன்."

ஷூக்கால்கள் திரும்பின. ஓட ஆரம்பித்தன.

குளியலறையைத் தாண்டின. சமையலறையைத் தாண்டின. கூடம் வந்திருக்க வேண்டும். நாற்காலியில் இடித்திருக்க வேண்டும். வாசற்கதவு, படிகள், கீழே ஞானம்மா, ஏதாவது ஒன்று அவளை நிறுத்தியிருக்க வேண்டும்.

கால்கள் நிற்கவில்லை. வழவழப்பான பெரிய தரையில், உயரமான கூரைக்கு அடியில் ஓடுவதுபோல் அந்தச் சத்தம் விரிந்து எதிரொலித்தது. அந்த வீட்டில் அவ்வளவு தூரம் கிடையாது. அந்தத் தெருவிலும் கிடையாது.

கரண்ட் வந்தது. கதவுக்கு அடியில் நடைவழி வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது. அதில் எந்த நிழலும் இல்லை. அறைக்குள்ளும் விளக்கு எரிந்தது. துளசிராமன் தலையைத் திருப்பாமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் மூச்சு மெல்லச் சீராகிக்கொண்டிருந்தது. வெகு தூரத்தில், இன்னும் தூரத்தில், சின்னஞ்சிறு ஷூக்கள் ஓடிக்கொண்டே இருந்தன.