மரத்துப்போன உதடும் ஓட்டை கிளாஸும்

கரும்புக் கொல்லையில் சாரைப்பாம்பைக் கையால் பிடித்துத் தூக்கி எறிகிறவர் இருசப்பன். ஆனால் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதன் கைப்பிடிகளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கூட வந்த மகள் கண்ணகி அதைப் பார்த்தும் பார்க்காததுபோலச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு அந்த அளவு நாகரிகம் தெரியாதா என்ன?

இருசப்பனுக்கு இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தை. சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. நாளையிலிருந்து ஒரு வாரத்துக்குப் பஸ்ஸும் இருக்காது. அது 1987-ஆம் வருடம். படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடக்கப் போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வர இன்றைக்கு விட்டால் வழியில்லை.

"பல்லப் புடுங்காம இந்த மனுஷன வூட்டுக்கு இட்டுக்கினு வராத" என்று அம்மா கண்ணகியிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

டாக்டர் விஜயலட்சுமி ஊசியை எடுத்தார். இருசப்பன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"பல்லுலயா போடுவீங்க?" என்று கேட்டாள் கண்ணகி.

"இல்லம்மா. கீழ்த்தாடைக்குப் போற நரம்பு கடைசிப் பல்லுக்கும் பின்னால இருக்கு. அதுகிட்ட மருந்து போட்டா, அந்தப் பக்கத்துப் பல்லு, பாதி நாக்கு, பாதி உதடு எல்லாம் மரத்துப்போயிடும். உதடு மரத்ததும் வந்து சொல்லு, புடுங்கிடலாம்."

ஊசி போட்டாயிற்று. அப்பாவும் மகளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சிறிது நேரத்தில் இருசப்பனின் முகம் மலர்ந்தது. கன்னத்தைத் தட்டிப் பார்த்தார். பல்லைக் கடித்துப் பார்த்தார்.

"வலி சுத்தமா போயிடுச்சு கண்ணகி. ஒரே ஊசியில சரிபண்ணிட்டாங்க, கெட்டிக்கார டாக்டரு. வா, வூட்டுக்குப் போவலாம்."

"இன்னும் பல்லப் புடுங்கலயேப்பா."

"வலியே இல்லாத பல்ல எதுக்குப் புடுங்கறது? பாவம், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது."

சொல்லிக்கொண்டே நடையைக் கட்டிவிட்டார். கண்ணகி பின்னாலேயே ஓடினாள்.

எதிரே பூமாலையின் டீக்கடை. பல்வலியால் டீ குடிக்காமல் ஏங்கிப்போயிருந்தவர் அங்கே நின்றார். நன்றாக ஆற்றிய டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார். பாதி உள்ளே போனது. மீதி இடது வாயோரமாக வழிந்து வெள்ளைச் சட்டையை நனைத்தது. இருசப்பனுக்கு அது தெரியவே இல்லை. நெஞ்சில் ஈரம் பட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார்.

"இன்னா பூமாலை, ஓட்டை கிளாஸ்ல டீ குடுக்கற?" என்று குழறிக் குழறிக் கேட்டார்.

பூமாலை கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஓட்டை ஒண்ணும் இல்லீங்களே" என்று வேறொரு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். அதுவும் வழிந்தது.

"உன் கடையில ஒரு நல்ல கிளாஸே கெடையாதா?"

பெஞ்சில் இருந்தவர்கள் மறியல் பேச்சை விட்டுவிட்டு இருசப்பனை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். கண்ணகிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கச்சிராயபாளையம் பஸ் வந்து நின்றதும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அப்பா அதில் ஏறிவிட்டால் அவ்வளவுதான். நேற்று வலி தாங்காமல் அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டதை அவள் பார்த்திருந்தாள். இன்னும் ஒரு வாரம் அப்படியே என்றால் அவளால் தாங்க முடியாது.

'பயந்துகினு ஓடற' என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக் கடையோரமாக இழுத்துப் போனாள்.

"அப்பா, கண்ண மூடிக்கோ. நான் உன்ன எங்க கிள்ளறேன்னு சொல்லு."

அவர் மூடிக்கொண்டார். "சீக்கிரம் கிள்ளு. பஸ்ஸு நிக்குது."

"கிள்ளிக்கினுதாம்ப்பா இருக்கேன்."

இருசப்பன் கண்ணைத் திறந்தார். தன் இடது உதட்டை மகளின் இரண்டு விரல்கள் நன்றாகக் கவ்விப் பிடித்திருப்பதைப் பார்த்தார்.

"உன் ஒதட்டுக்கே ஒண்ணும் தெரியல பாரு. பல்லும் அப்படித்தான் மரத்துக் கெடக்குது, சரியாவல. மருந்து எறங்கினா மறுபடியும் வலிக்கும். நாளைக்கு ஏதுப்பா பஸ்ஸு?"

இருசப்பன் பஸ்ஸைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்காதபடி, "புடுங்கறப்ப ஜாஸ்தி வலிக்குமா?" என்றார்.

"கிள்ளுனதே தெரியல உனக்கு. நான் பக்கத்துலயே இருக்கேன், என் கையப் புடிச்சிக்கோ."

பஸ் அவர்கள் இல்லாமலே கிளம்பிப் போனது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

டாக்டர் பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார். இருசப்பன் கண்ணை மூடிக்கொண்டு மகளின் கையைப் பற்றினார். கரும்பு வெட்டுகிற கை அவருடையது.

கொஞ்ச நேரம் கழித்து, திறந்த வாயை மூடாமலே, "எப்பப் புடுங்குவீங்க?" என்று கேட்டார்.

"புடுங்கியாச்சுங்க" என்று தட்டில் கிடந்த பல்லைக் காட்டினார் டாக்டர். "வலிச்சுதா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு, இருசப்பன் பெருமையோடு மகளைப் பார்த்தார். அவள் தன் விரல்களை உதறிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத்தான் வலிச்சுது" என்றாள் கண்ணகி. "இப்ப வலி இல்ல. கை மரத்துப்போச்சு."