தெளிந்து நின்ற திரவம்

அன்று காலை ஆய்வுக்கூடத்தின் கதவு கீச்சிடவில்லை. எட்டு வருடமாகப் பூனையை மிதித்தது போலக் கத்திய கதவு, கீல்கள் ஈரத்தில் மினுங்க, சத்தமே இல்லாமல் திறந்தது.

"என்ன தம்பி, கதவு வாயை மூடிக்கிச்சா?" பாட்டில் கழுவும் அக்கா வெளியே நின்று சிரித்தாள். "நேத்து நீங்க போட்ட சத்தத்துல அதுவே பயந்துபோச்சு. துரு போகட்டும்னு பாட்டில் கழுவுற கேன்ல இருந்ததைத் துணியில தொட்டு, கீல், கைப்பிடி எல்லாம் நல்லாத் துடைச்சுவிட்டேன்."

முந்தின நாள் கதவு கத்தியதில் கை ஆடி அளவு தப்பிவிட, "ஒரு கதவைக்கூடச் சரியா வெச்சுக்கத் தெரியாதா?" என்று அவன்தான் அவளிடம் எரிந்து விழுந்தான். இன்று ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

"மத்தியானம் டீ கொண்டுவரேன்" என்றாள். தடித்த கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்டது. அதற்குப்பின் வெளியே எழும் சத்தம் உள்ளேயும், உள்ளே எழும் சத்தம் வெளியேயும் கேட்காது.

காய்ந்த நிலையில் லேசாக உரசினாலே வெடிக்கும் ஒரு பொடி எந்தக் கரைப்பானில் எவ்வளவு கரைகிறது என்று அளப்பது அவன் வேலை. அது லேசில் கரைகிற பொடி அல்ல. எதில் போட்டுக் கலக்கினாலும் மறுநாள் கோபித்துக்கொண்ட பிள்ளைபோல அடியிலேயே உட்கார்ந்திருக்கும். மேலே தெளிந்து நிற்கும் திரவத்தில் ஒன்றும் இராது என்ற நம்பிக்கையில், அதை, பாட்டில் கழுவ வைத்திருக்கும் கேனில் ஊற்றிவிடுவது அங்கே வழக்கம்.

நண்பகல் தாண்டி, முந்தின நாள் கோபத்தோடு வடித்து வைத்த பாட்டில்களை எடை போட எடுத்தான். ஆறாவது பாட்டில் புதிய கரைப்பானுக்கு உரியது. அதன் அடியில் பொடி இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். பொடி எங்கும் போய்விடவில்லை. முழுவதும் கரைந்திருக்கிறது. தெளிவாக இருந்த அந்தத் திரவத்தை அவன் கையாலேயே கேனில் ஊற்றியிருக்கிறான்.

கேன்.

துணி.

கீல்.

அறையில் கரைப்பானின் வாடை துளியும் இல்லை. எல்லாம் காய்ந்துவிட்டது.

மெல்லத் திரும்பினான். மூன்று கீல்களிலும், கைப்பிடியைச் சுற்றியும், பனி படிந்தது போல் வெள்ளை. மிக நுண்ணிய ஊசிகளாக.

கண்ணாடிக்கு அப்பால் அக்கா வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் டீக் கோப்பை.

"வேண்டாம்க்கா! தொடாதீங்க!"

குரல் கண்ணாடியில் மோதி அவனிடமே திரும்பியது. இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினான்.

அவள் நின்றாள். எட்டு வருடத்தில் அவன் அவளைப் பார்த்துக் கையசைத்தது அதுதான் முதல் தடவை. அவள் முகம் மலர்ந்தது. அவளும் கையசைத்தாள். பிறகு அதே கையைக் கைப்பிடியில் வைத்தாள்.

கைப்பிடி இறங்கியது.

கதவு கீச்சிட்டது.