முப்பத்தெட்டாவது கதவு

ஆளில்லாத எதிர்க்கட்டடத்தின் ஐந்து கதவுகளில் பச்சைப் பலகைகள் தொங்கின.

செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் மணி. முதியோர் குடியிருப்பின் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் நின்றிருந்த ஸ்டெனோ அம்மா, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் போர்வை நுனியால் துடைத்து, மீண்டும் மாட்டிக்கொண்டு, விரலை நீட்டி எண்ணினார். ஐந்துதான். மதிலுக்கு அப்பால் பதினோர் ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்தின் தாழ்வாரங்கள், இவர்களுடைய தாழ்வாரங்களுக்கு நேர் எதிரே, கையெட்டாத் தொலைவில் நீண்டு கிடந்தன. நேற்று மாலைவரை அந்தக் கதவுகளில் துருவையும் தூசியையும் தவிர வேறொன்றும் இல்லை. நேற்று மாலைதான், கட்டடத்தை விலைக்கு வாங்கலாமா என்று பார்த்துவர நிர்வாகக் குழுவினர் ஐவர் உள்ளே போய் வந்தார்கள்.

பலகை என்பது இந்தக் குடியிருப்பில் உயிருக்குச் சாட்சி. உள்ளங்கை அகல மரத்துண்டு. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. இரவு படுக்கப் போகும்போது சிவப்பு வெளியே தெரியும்படி கதவு ஆணியில் தொங்கவிட வேண்டும். காலையில் எழுந்ததும் பச்சைக்குத் திருப்ப வேண்டும். ஏழு மணிக்குப் பணிப்பெண் நோட்டுப் புத்தகத்துடன் மூன்று மாடிகளையும் சுற்றிவருவார். சிவப்பாகவே இருக்கும் கதவைத் தட்டுவார்; தட்டியும் திறக்கவில்லையெனில் மாற்றுச் சாவியை எடுப்பார். “என் பலகை செவப்பா இருந்தா தட்டி நேரத்தை வீணாக்காத கண்ணு, நேரா வண்டியக் கூப்பிடு” என்று பக்கத்து அறைத் தையற்காரம்மா அந்தப் பெண்ணிடம் சொல்லாத நாளில்லை. தன் பலகையைத் தானே திருப்ப இயலாதவர் இங்கே தங்கக் கூடாது என்பதும் விதி.

அந்த விதியைத்தான் ஸ்டெனோ அம்மா ஓராண்டாக மீறிவந்தார். நீதிமன்றத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள், பிறர் சொன்னதை ஒரு சொல்லும் பிசகாமல் சுருக்கெழுத்தில் எடுத்தவர் அவர். பொய்ச்சாட்சி என்றால் என்னவென்று அறியாதவரல்லர். ஆயினும் நாள்தோறும் தம் பலகையைத் திருப்பிய கையோடு, அதே கதவில் தொங்கும் கணவரின் பலகையையும் சந்தடியின்றித் திருப்பிவந்தார். கணவர் ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்தவர். மனைவியின் பெயரே அவர் நினைவில் நிற்பதில்லை, பலகையா நிற்கும்? உண்மை தெரிந்தால் அவரை மட்டும் பிரித்து எங்கோ ஒரு மருத்துவ விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஒரே அறையில் உறங்கியபின், அதற்கு மட்டும் ஸ்டெனோ அம்மா ஒப்பமாட்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில், குழுத் தலைவரான பல் டாக்டரிடம் அவர் நேராகவே கேட்டார்.

“டாக்டர், நேத்து அங்க நம்ம பலகைய மாட்டிட்டு வந்தீங்களா?”

“எதுக்கும்மா மாட்டணும்? சுவத்துல பாசி படிஞ்சிருக்கும். முதல்ல கண்ணைக் காட்டுங்க.”

“பாசி கயித்துல தொங்குமா?”

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

“அந்தக் கட்டடம் முதல்ல உங்களுக்குத்தான் உதவும், ஸ்டெனோ அம்மா. முடியாதவங்களை இனிமே எங்கயோ அனுப்ப வேண்டாம், எதிர்லயே வச்சுப் பாத்துக்கலாம். யாரு பலகைய யாரு திருப்புறாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்காதீங்க.”

சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் போன வழியெல்லாம் ஈரச் சுண்ணாம்பில் பதிந்த குதிகாலின் வெள்ளைத் தடம். பணிப்பெண் ஈரத்துணியால் துடைத்தார். தரை உலர உலர, தடங்கள் ஒவ்வொன்றாக மீண்டும் வெளுத்துவந்தன.

அதன்பின் நாளுக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று எதிர்க்கட்டடத்தைப் பார்த்துவரப் போனார்கள். போகும்போது ஆளுக்கொரு குறை சொன்னார்கள்: படி உயரம், வெளிச்சம் போதாது, கிழவர்களுக்கு எதற்கு இன்னொரு கட்டடம். திரும்பி வந்தபின் எவரும் குறை சொல்லவில்லை. காரணமும் சொல்லவில்லை. “வாங்கிடலாம்” என்றார்கள், அவ்வளவுதான். மறுநாள் விடியலில் எதிர்க்கதவுகளில் அத்தனை பலகைகள் கூடியிருக்கும். பதினொன்று. பத்தொன்பது. இருபத்தாறு.

முன்பெல்லாம் காலை ஐந்து மணி தொட்டு இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பலகைகள் திரும்பும் ஓசை கேட்கும்; இருமலுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் செருப்புத் தேய்ப்புக்கும் நடுவே மரத்தில் மரம் தட்டும் அந்தச் சிறு ஓசைகளைக் கொண்டே, இன்னார் எழுந்துவிட்டார் என்று கண்ணை மூடியபடி சொல்லிவிடுவார் ஸ்டெனோ அம்மா. அந்த வாரத்தில் இருமல் அடங்கிப்போனது. குழாய்கள் திறக்கப்படவில்லை. ஆறு மணிக்கு, மூன்று மாடிகளிலும் ஒரே கணத்தில், ஒரே அடியாக, ‘டக்’. அதன்பின் நெடுநேரம் ஒன்றுமில்லை. கதவிடுக்கின் வழியே, மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் எழும் குளிர்ந்த சுண்ணாம்பு நீற்றுமணம் மட்டும் வந்தது.

தையற்காரம்மா ஒருவர்தான் அவர் பக்கம் மிஞ்சினார். “பல்லைப் புடுங்கிப் பழகின கை. நம்மளப் புடுங்கி அங்க நடப் பாக்குது” என்று காதோடு சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதெல்லாம் ஸ்டெனோ அம்மாவுக்கு மூச்சு சீராயிற்று.

சனிக்கிழமை கூட்டம் கூடியது. அசையாச் சொத்து வாங்குவதானால் முப்பத்தெட்டுப் பேரும் ஒருமனதாக ஒப்ப வேண்டும் என்பது குடியிருப்பின் சட்டம். ஒருவர் மறுத்தாலும் வாங்கக் கூடாது. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். தூங்கிக்கொண்டிருந்தவரின் கையும் உயர்ந்தது. கேள்வி இன்னதென்று காதில் விழாதவரின் கையும் உயர்ந்தது. முறையென்ற சொல்லுக்கே இழுக்கான அந்தக் காட்சியைப் பொறுக்கமாட்டாமல் ஸ்டெனோ அம்மா எழுந்தார்.

“இது ஓட்டு இல்ல, உடற்பயிற்சி. அவங்கவங்க அறையில, அவங்கவங்க கையால சொல்லட்டும். திங்கக்கிழமை காலையில, முடிவு மணி அடிக்கிறப்ப பலகை எந்தப் பக்கம் தொங்குதோ அதை வச்சுக் கணக்கெடுங்க. சம்மதம்னா பச்சை. மறுப்புன்னா செவப்பு.”

“செவப்பா இருந்தா நான் தட்டணுமேம்மா” என்றார் பணிப்பெண்.

“அன்னைக்கு ஒரு நாள் தட்டாத. தட்டி எழுப்பினா அது கட்டாயப்படுத்தின மாதிரி.”

டாக்டர் அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “எழுதிக்குங்க” என்றார். தீர்மானத்தை ஸ்டெனோ அம்மாவே தம் கைப்பட, ஒற்றுப்பிழையின்றி எழுதினார்: ‘வாக்கெடுப்பு நாளன்று சிவப்புப் பலகை தொங்கும் கதவைத் தட்டக் கூடாது; திறக்கவும் கூடாது.’

ஞாயிற்றுக்கிழமை மாலை ஸ்டெனோ அம்மா அதைச் செப்பமாகப் படியெடுத்துக்கொண்டிருந்தபோது, தையற்காரம்மா வந்து அவருடைய கணவரின் கையைப் பிடித்தார்.

“நீங்க எழுதுங்க அக்கா. அண்ணனை நான் கொஞ்சம் காலாற நடத்திட்டு வரேன்.”

நிமிர்ந்து பார்க்காமலே தலையசைத்தார். அரைமணி நேரத்தில் இருவரும் திரும்பினார்கள். கணவரைக் கட்டிலில் அமர்த்திவிட்டுத் தையற்காரம்மா வாசலிலேயே நின்றார். சிரிக்கவில்லை.

“வாங்கிடலாம் அக்கா” என்றார்.

ஸ்டெனோ அம்மாவின் பேனா நின்றது. குனிந்து கணவரின் கால்களைப் பார்த்தார். இரண்டு குதிகால்களிலும் ஈரச் சுண்ணாம்பு.

தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். போகவில்லை. தாழ்வாரத்துக்கு ஓடி, மங்கும் வெளிச்சத்தில் எதிர்க்கதவுப் பலகைகளை எண்ணினார்; இம்முறை அவை விடியும்வரை காத்திருக்கவில்லை. முப்பத்தேழு. இரண்டாம் மாடிக் கோடியில் ஒரே ஒரு கதவுதான் வெறுமையாக இருந்தது. அது அவருடைய அறைக்கு நேர் எதிரே இருந்தது.

இரண்டு பலகைகளையும் சிவப்பு தெரியும்படி மாட்டி, கயிற்றை ஆணியில் மூன்று சுற்றுச் சுற்றினார். கட்டிலில் இருந்த கணவர் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“செவப்பு கெடக்குற வரைக்கும் வண்டி உள்ள வராது” என்றார் கணவர், பழைய சிக்னல்காரரின் குரலில்.

“ஆமாங்க. வராது. தூங்குங்க.”

ஸ்டெனோ அம்மா தூங்கவில்லை. விடியுமுன்னே ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு அமர்ந்தார். ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரம். தாழ்வாரத்துக்கு அப்பால் அந்தக் கட்டடம். கதவைத் தாழிட்டாயிற்று. முடிவு மணி அடிக்கும்வரை இந்தச் சிவப்பைக் காத்தால் போதும்.

ஆறு மணிக்கு அந்த ‘டக்’ கேட்டது. அதே கணத்தில் அவருடைய தலைக்குள்ளும் ஏதோ ஒன்று திரும்பியது.

வலி இல்லை. வலக்கை மடியிலிருந்து வழுக்கித் தொங்கியது. அதைத் தூக்க நினைத்தார், கை கேட்கவில்லை. கால் கேட்கவில்லை. ‘என்னங்க’ என்று கூப்பிட்டார். வாயின் ஓரத்தில் எச்சில் வழிந்ததேயன்றிச் சொல் வரவில்லை. கண்கள் மட்டும் அவருடையனவாக இருந்தன.

சரி. ஏழு மணிக்கு அந்தப் பெண் வருவாள். பார்ப்பாள்.

செருப்போசை படியேறியது. நெருங்கியது. பணிப்பெண்ணின் முகம் ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே, ஒரு முழத் தொலைவில்.

“எழுந்து உக்காந்தாச்சா அம்மா? ரெண்டும் செவப்பு, எழுதிக்கிட்டேன்.”

அவர் விழிகளை உருட்டினார். இமைகளை அடித்தார். தொண்டைக்குள் எதையோ தள்ளிப் பார்த்தார்.

“என்னை முறைக்காதீங்கம்மா. தட்டக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க.” பணிப்பெண் சிரித்தார். “கெட்டிக்காரி நீங்க.”

செருப்போசை நகர்ந்தது. தேய்ந்தது. படியிறங்கியது.

முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

கணவர். எழுந்துவிட்டார். மெதுவாக வருகிறார். ஸ்டெனோ அம்மாவின் கண்களில் நீர் பெருகியது. வாருங்கள். என்னைப் பாருங்கள். கதவைத் திறந்து யாரையாவது கூப்பிடுங்கள்.

கணவர் அருகே வந்து நின்றார். நழுவியிருந்த போர்வையைத் தோளில் இழுத்துவிட்டார். பிறகு, ஓராண்டாக வாயில் வராத மனைவியின் பெயரைச் சொன்னார். தெளிவாக, இளமையில் அழைத்ததைப்போல.

“தினமும் என்னோடதையும் நீயே திருப்புற. எனக்குத் தெரியாதா?”

வேண்டாம்.

“இன்னைக்கு நான் திருப்புறேன்.”

தாழ் நீங்கும் ஓசை. கதவு திறந்தது. நீற்றுமணம் அறைக்குள் புரண்டு வந்தது. ஆணியில் சுற்றிய கயிறு அவிழ்ந்தது. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. தடுமாறாத கை.

டக்.

அது கணவருடையது.

அடுத்த கயிறும் அவிழ்ந்தது.

டக்.

“பச்சை விழுந்துடுச்சு” என்றார் கணவர் வெளியிலிருந்து. அவருடைய நிழல் ஜன்னலைக் கடந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே மணி அடித்தார்கள். யாரோ கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள், ஒரே தாளத்தில். பிறகு மதிற்கதவு திறந்தது. நிறையக் கால்கள் நடந்தன. ஒரு பேச்சில்லை. ஓர் இருமலில்லை. இந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியாக ஓசை வடிந்து, கடைசியில் ஸ்டெனோ அம்மாவின் மூச்சு மட்டும் மிஞ்சியது.

கண்களை மூட முயன்றார். இமைகளும் இப்போது கேட்கவில்லை.

எதிர்த் தாழ்வாரத்தில் கணவர் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கதவாகக் கடந்தார். கோடியில் நின்றார். வெறுமையாக இருந்த கதவில் இப்போது ஒரு பலகை தொங்கியது. பச்சை.

கணவர் விரல் மடக்கி அந்தக் கதவைத் தட்டினார்.

உள்ளேயிருந்து திறந்தது.

போர்வை போர்த்திய ஒரு பெண் வெளியே வந்தாள். கணவரின் கையைப் பற்றிக்கொண்டாள். பின்பு கைப்பிடிச் சுவரருகே வந்து நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் போர்வை நுனியால் துடைத்து, மீண்டும் மாட்டிக்கொண்டு, ஆளில்லாத இந்தக் கட்டடத்தை நோக்கி விரலை நீட்டினாள். கீழ்த்தளத்திலிருந்து ஒவ்வொரு கதவாக எண்ணிக்கொண்டே வந்தாள்.

விரல் இந்த ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது.